வீக்கத்துக்கு மாத்திரை, வலிக்கு என்ன? நாள்பட்ட இடுப்பு வலியோடு சில வருடங்கள்

ஆண்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளாத வலி இது. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு பந்தை வைத்து அதன்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடிவயிற்றில் ஒரு கனம். சிறுநீர் போகும்போது எரியும், போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி போகவேண்டும் போலத் தோன்றும். விந்து வெளியேறிய பிறகு மணிக்கணக்கில் வலிப்பவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, சிறுநீரில் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை, புற்றும் இல்லை என்று எல்லாம் கழிந்த பிறகு மருத்துவர்கள் எழுதுவது ‘நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி’ அல்லது ‘நாள்பட்ட இடுப்பு வலி நோய்த்தொகுப்பு’. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சிறு சுரப்பி.

அழற்சி என்று சொல்லியாயிற்று, அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் சரியாகிவிட வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் நியாயமாகவே பட்டது. இபுபுரோஃபென் போட்டால் கொஞ்சம் தணியும், நிறுத்தினால் திரும்பும். ஏன் முழுசாகத் தணிவதில்லை, ஏன் திரும்புகிறது என்று தேட ஆரம்பித்துதான் ஆய்வுகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. நான் மருத்துவன் இல்லை. படித்துப் புரிந்துகொண்டதையும், அதை வைத்து எனக்கென்று எடுத்த முடிவுகளையும் எழுதுகிறேன், அவ்வளவே.

முதலில் வகைப்பாடு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1995-இல் கூட்டிய நிபுணர் குழு, புராஸ்டேட் அழற்சியை நான்காகப் பிரித்தது. முதல் வகை திடீரென்று காய்ச்சலோடு வரும் கிருமித் தொற்று. இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று. நான்காவது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேறு ஏதோ பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவரும் அழற்சி. நடுவில் இருக்கும் மூன்றாவதுதான் நம்முடையது: வலி உண்டு, கிருமி இல்லை. மொத்த நோயாளிகளில் தொண்ணூறு சதவீதம் அளவுக்கு இதில்தான் வருகிறார்கள். இதையும் இரண்டாக உடைத்தார்கள். புராஸ்டேட்டை அழுத்தியபின் வரும் திரவத்திலோ விந்திலோ வெள்ளணுக்கள் இருந்தால் 3அ, அழற்சி உள்ளது. இல்லாவிட்டால் 3ஆ, அழற்சி இல்லாதது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 3அ ஆட்களுக்கு அழற்சி மருந்து, 3ஆ ஆட்களுக்கு வேறு ஏதாவது என்று பிரித்துக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். இதே நிறுவனத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வுகளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கும் வலியின் தீவிரத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. நிறைய வெள்ளணு உள்ளவருக்கு லேசான வலி, ஒன்றுமே இல்லாதவருக்கு உட்கார முடியாத வலி. 2003-இல் வெளியான ஒப்பீடு ஒன்றில், வலியே இல்லாத ஆரோக்கியமான ஆண்களின் திரவத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கும் வெள்ளணுக்கள் இருந்தன. புராஸ்டேட்டில் கிருமி தென்பட்டவர்கள் இரண்டு தரப்பிலும் ஏறத்தாழ 8 சதவீதம். எந்த வலியும் இல்லாமல் நிம்மதியாக நடமாடுகிறவரின் புராஸ்டேட்டும் என்னுடையதும் பரிசோதனைக் குழாயில் ஒன்றுபோலத் தெரியலாம் என்று படித்த அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதை வைத்து ‘அப்படியானால் அழற்சியே பொய்’ என்று சொல்லிவிடவும் முடியாது. வெள்ளணுக்களை எண்ணுவது அழற்சியை அளக்க மிக மொட்டையான வழி. அதற்கு அப்பால் போய்ப் பார்த்தவர்களுக்கு வேறு விஷயங்கள் தென்பட்டன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது மாஸ்ட் செல்கள்.

ஒவ்வாமையில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் அதே மாஸ்ட் செல்கள்தான். நரம்பு முனைகளை ஒட்டியே இவை குடியிருக்கும். தூண்டப்பட்டால் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்ற பொருட்களைக் கொட்டும், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தையும் வெளியிடும். டிரிப்டேஸ் நரம்பு முனையில் உள்ள ஓர் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியோ அந்த நரம்பின் வலி உணரும் வாசலையே தாழ்த்திவிடுகிறது. முன்பு வலிக்காத அழுத்தம் இப்போது வலிக்கும். சிறுநீர்ப்பை பாதி நிறைந்ததே முழுசாக நிறைந்த மாதிரி படும். இந்த நோயுள்ள ஆண்களின் புராஸ்டேட் திரவத்தில் டிரிப்டேஸும் நரம்பு வளர்ச்சிக் காரணியும் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாஸ்ட் செல்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செயற்கையாக இந்த அழற்சியை உண்டாக்கியபோது, மற்ற எலிகளைவிட வலி அறிகுறிகள் குறைவாக இருந்தன. எலி எலிதான், மனிதன் மனிதன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளணு எண்ணிக்கைக்கும் வலிக்கும் ஏன் பொருத்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்க்கவில்லை. எத்தனை செல்கள் வந்து கூடின என்பதைவிட, அவை நரம்பை என்ன செய்தன என்பதுதான் கேள்வி.

அப்புறம் ஒரு கட்டத்துக்கு மேல் நரம்பே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. முதுகுத்தண்டிலும் மூளையிலும் வலிச் செய்திகள் பெருக்கப்படுகின்றன. ஆரம்பத்தில் தூண்டிய அழற்சி அடங்கிய பிறகும் வலி தானாக ஓடுகிறது. கூடவே வலியைத் தாங்க இடுப்புத்தளத் தசைகள் இறுகுகின்றன, அந்த இறுக்கமே தனி வலியாகிறது. இந்த நிலையில் இருப்பவருக்கு அழற்சி மாத்திரை எதைப் போய் அடக்கும்?

இபுபுரோஃபென், நாப்ராக்சென், டைக்லோஃபெனாக், செலிகாக்சிப் எல்லாம் செய்யும் வேலை ஒன்றுதான். காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைக் குறைக்கின்றன. சுவாரசியத்துக்காக ஒரு தகவல்: இந்தப் புராஸ்டாகிளாண்டினை 1930-களில் உல்ஃப் ஃபான் ஆய்லர் அடையாளம் கண்டது விந்து திரவத்தில்தான். புராஸ்டேட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தார். பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. புராஸ்டாகிளாண்டினைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் மேலே சொன்ன டிரிப்டேஸ், நரம்பு வளர்ச்சிக் காரணி, தசை இறுக்கம், மூளை வலிச் செய்தியைப் பெருக்குவது எதையும் அந்த மாத்திரை நேரடியாகத் தொடுவதில்லை.

இனி ஆய்வுகள். படிக்குமுன் ஒரு அளவுகோலைத் தெரிந்துகொண்டால் எண்கள் புரியும். 1999-இல் வந்த ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. வலிக்கு 21, சிறுநீர்த் தொந்தரவுக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12, மொத்தம் 43 புள்ளிகள். அதிகம் என்றால் மோசம். 6 புள்ளிகளாவது குறைந்தால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரிகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இதை நாமே நிரப்பலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்த மருந்தைத் தொடங்கினாலும் முன்னும் பின்னும் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ‘போன மாதத்துக்கு இப்போ பரவாயில்லை’ என்ற நம் ஞாபகத்தை நம்பவே கூடாது, இந்த வலி தானாகவே ஏறி இறங்கும்.

காக்ஸைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ரோஃபிகாக்சிப்பை வைத்து 2003-இல் வெளியான ஆய்வில் 161 ஆண்கள், ஆறு வாரம். அதிக அளவான 50 மில்லிகிராம் எடுத்தவர்களில் சில அளவீடுகளில், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட முன்னேற்றம் தெரிந்தது. மொத்தப் புள்ளியில் தெளிவான வெற்றி இல்லை. அடுத்த ஆண்டே, 2004-இல், மாரடைப்பு ஆபத்து காரணமாக அந்த மருந்து உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த செலிகாக்சிப்பை 3அ வகை ஆண்கள் 64 பேரிடம், தினம் 200 மில்லிகிராம், ஆறு வாரம் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டிருந்த வரை வலி குறைந்தது. நிறுத்திய பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. என் அனுபவத்தை அப்படியே ஆய்வுக் கட்டுரையில் அச்சடித்த மாதிரி இருந்தது.

அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டை மிஞ்ச ஆளில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உண்மையான காரணம் அழற்சிதான் என்றால் பிரெட்னிசோலோன் அதிசயம் செய்திருக்க வேண்டும். சிறிய ஆய்வு ஒன்றில் கொடுத்துப் பார்த்தார்கள், போலி மாத்திரையைவிடப் பெரிய பலன் இல்லை. ஆஸ்துமாவுக்குப் பயன்படும் ஸாஃபிர்லூகாஸ்டும் அப்படியே ஏமாற்றியது. இரண்டிலும் ஆட்கள் மிகக் குறைவு என்பதால் கதவை முழுசாகச் சாத்த முடியாது. ஆனாலும் ஸ்டீராய்டு மாத்திரையை யாராவது மாதக்கணக்கில் எழுதித் தந்தால் நான் கண்டிப்பாகக் கேள்வி கேட்பேன்.

சிறுநீர்ப்பை வலிக்குக் கொடுக்கும் பென்டோசான் பாலிசல்ஃபேட்டை நூறு ஆண்களிடம் பதினாறு வாரம் சோதித்தார்கள். ‘நன்றாகத் தேறியிருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் மருந்துத் தரப்பில் அதிகம், ஆனால் கேள்வித்தாள் புள்ளிகளில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. 2018-இலிருந்து, வருடக்கணக்கில் இதை எடுத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வருவதாகச் செய்திகள் வரத் தொடங்கின. புராஸ்டேட்டுக்காகக் கண்ணைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாவரப் பொருட்கள் பக்கம் வந்தால் நிலைமை கொஞ்சம் சுவையானது. வெங்காயம், ஆப்பிள் போன்றவற்றில் இருக்கும் குவெர்செட்டின் என்ற பொருளை 500 மில்லிகிராம் அளவில் தினம் இரண்டு வேளை, ஒரு மாதம் கொடுத்த ஆய்வு 1999-இல் வந்தது. குறைந்தபட்சம் 25 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் குவெர்செட்டின் தரப்பில் 67 சதவீதம், போலி மாத்திரைத் தரப்பில் 20 சதவீதம். பிரமாதமான எண்தான், ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே முப்பது பேர்தான். மகரந்தச் சாறு ஆய்வு அதைவிட உறுதியானது: 2009-இல், 3அ வகை ஆண்கள் 139 பேர், பன்னிரண்டு வாரம். பலன் கண்டவர்கள் மகரந்தத் தரப்பில் சுமார் 70 சதவீதம், போலி மாத்திரைத் தரப்பில் 50 சதவீதம். பக்கவிளைவும் சொற்பம். ரசாயன மருந்துகளுக்குக் கிடைக்காத இந்த முடிவு ஒரு மகரந்தச் சாற்றுக்குக் கிடைத்ததை நம்பாமல் நான் ரொம்ப நாள் தள்ளி வைத்திருந்தேன். இப்போது என் மனநிலை வேறு: ஒவ்வாமை இல்லாதவருக்கு, மூன்று மாதம் முயன்று பார்க்க இது தகுதியானது. துணை உணவுப் பொருள் என்பதால் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் தரம் மாறும், அதுதான் தொல்லை.

அந்த 50 சதவீதத்தைக் கவனித்தீர்களா? வெறும் போலி மாத்திரையில் பாதிப் பேர். சிறுநீர் எளிதாகப் போக உதவும் அல்ஃபுசோசின் என்ற மருந்தை வைத்து 272 ஆண்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் இது இன்னும் அப்பட்டம். மருந்து எடுத்தவர்களில் பலன் கண்டது 49.3 சதவீதம், போலி மாத்திரையிலும் அதே 49.3 சதவீதம். புள்ளி மாறவில்லை. யாராவது ஒருவர் ‘இந்த மருந்து என் வலியைத் தீர்த்தது’ என்று எழுதினால் நான் சந்தோஷப்படுகிறேன், ஆனால் உடனே கடைக்கு ஓடுவதில்லை.

கோக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2019-இல் இந்த மருந்து ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து எடைபோட்டார்கள். அழற்சி எதிர்ப்பு மருந்துகள் அறிகுறிகளைக் கொஞ்சம் குறைக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு, நீண்ட காலப் பலன் பற்றித் தகவல் போதாது. இதுதான் சாரம். நான் படித்த தனித்தனி ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன.

மாஸ்ட் செல் கதைக்குப் பொருத்தமான மருந்துகள் எங்கே என்று கேட்கலாம். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்கும் டானெசுமாப் என்ற எதிர்ப்புரதத்தை இந்த நோயிலும் சோதித்தார்கள், 62 ஆண்கள், ஒரே ஒரு ஊசி. கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, ஆனால் புள்ளிவிவரப்படி நிரூபிக்க முடியவில்லை. மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-இல் அந்த மருந்தையே கைவிட்டார்கள். பால்மிட்டாய்ல்எத்தனோலமைடு என்ற, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கொழுப்புப் பொருளும் இருக்கிறது. நம் உடலே தயாரிப்பதுதான். அது மாஸ்ட் செல்களைச் சாந்தப்படுத்துகிறது என்ற கருத்தை முன்வைத்தவர், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டதற்காக 1986-இல் நோபல் பரிசு பெற்ற ரீட்டா லெவி மொண்டால்சினி. இடுப்பு வலிக்கு இதை வேறு பொருட்களோடு கலந்து கொடுத்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

என்னைக் கேட்டால், இத்தனை ஆய்வுகளும் இப்படி அரைகுறையாக முடிவதற்கு மருந்து மட்டும் காரணம் இல்லை. வேறு வேறு காரணத்தால் வலிப்பவர்களை ஒரே பெயரின் கீழ் உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். பத்துப் பேரில் இரண்டு பேருக்கு அது அருமையாக வேலை செய்தால்கூடச் சராசரியில் அது காணாமல் போய்விடும். இதை உணர்ந்துதான் 2009 வாக்கில் ஷாஸ்கஸ், நிக்கல் என்ற சிறுநீரகவியல் மருத்துவர்களும் சகாக்களும் ‘யூபாய்ண்ட்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சிறுநீர்த் தொந்தரவு, மனநிலை, புராஸ்டேட் என்ற உறுப்பு, தொற்று, நரம்பு மண்டலம், தசை வலி என ஆறு கோணங்களில் நோயாளியைப் பார்த்து, எதெல்லாம் அவரிடம் இருக்கிறதோ அதற்கெல்லாம் சேர்த்துச் சிகிச்சை. இப்படிச் சிகிச்சை பெற்ற நூறு பேரைப் பின்தொடர்ந்தபோது 84 சதவீதம் பேருக்கு 6 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தன. இதில் போலி மாத்திரைத் தரப்பு இல்லை என்பது பெரிய ஓட்டை. ஆனால் சிந்தனை சரியான திசையில் இருக்கிறது. இந்த ஆறில் அழற்சி மருந்து, குவெர்செட்டின், மகரந்தம் எல்லாம் வருவது உறுப்பு என்ற ஒரே ஒரு கட்டத்தில்தான்.

எனக்கு மருந்தைவிட அதிகம் மாறியது தசைப் பக்கம்தான். இடுப்புத்தளத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியைத் தானாகச் செய்து வலியைக் கூட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. இறுகிக் கிடக்கும் தசைக்குத் தேவை தளர்த்தப் பழகுவது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வலிப் புள்ளிகளைக் கண்டுபிடித்து விடுவிக்கிறார்கள். கூச்சம் முதல் சந்திப்போடு போய்விடும். 2009-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஆண் பெண் இருபாலரிலும் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் தேறினார்கள், சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 21 சதவீதம். அக்குபங்சரை நான் கேலி செய்துகொண்டிருந்தவன், ஆனால் 2021-இல் 440 ஆண்களிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில் போலி ஊசியைவிடப் பலன் தெளிவாகத் தெரிந்தது, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரை நின்றது. மாத்திரை ஆய்வுகளில் நான் தேடிக் கிடைக்காத ‘நிறுத்திய பிறகும்’ என்ற விஷயம் இங்கே கிடைத்ததுதான் உறுத்துகிறது.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் அழற்சியோடு முடிச்சுப்போடப்படுகிறது. கிருமி இல்லாவிட்டாலும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளில் சிலருக்கு வலி குறைகிறது. இந்த மருந்துகளுக்கு ஓரளவு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்பது ஒரு விளக்கம். ஆனால் 2004-இல் 196 ஆண்களிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது அது வெல்லவில்லை. தசைநாண் கிழிதல், நரம்புப் பாதிப்பு போன்றவற்றுக்காக இந்தக் குடும்ப மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கைகள் இருக்கின்றன. கிருமி காட்டாத பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது, நான்காவது முறை அதே மருந்தை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தம் என்றால் அது வேறு விஷயம். அதற்குக் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

இப்போது நான் இபுபுரோஃபென் வகையை முழுசாக ஒதுக்கவில்லை. வலி திடீரென்று ஏறும் நாட்களில், சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாட்களுக்கு மட்டும், மருத்துவருக்குத் தெரிந்தே எடுக்கிறேன். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, இதில் எது இருந்தாலும் இந்த மாத்திரைகளைத் தானாகத் தொடவே கூடாது. இரண்டு வாரத்தில் கேள்வித்தாள் புள்ளி அசையாவிட்டால் அந்த மருந்துக்கு என் உடம்பில் வேலை இல்லை என்று நிறுத்திவிடுவது என் வழக்கம். மகரந்தச் சாற்றுக்கு அந்தக் கெடுவைப் பன்னிரண்டு வாரமாக வைத்தேன், ஆய்வு நடந்த காலம் அதுதான் என்பதால். புள்ளிகள் இறங்கின, ஆனால் அதே சமயத்தில் பிசியோதெரபியும் நடந்துகொண்டிருந்தது. எது செய்த வேலை என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

நான் காத்திருப்பது ஒரே ஒரு வகை ஆய்வுக்கு. முதலில் திரவத்தில் டிரிப்டேஸையும் நரம்பு வளர்ச்சிக் காரணியையும் அளந்து, கூடுதலாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி, அவர்களுக்கு மட்டும் மாஸ்ட் செல்லைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. நூற்றுக்கணக்கான பேர், நல்ல போலி மாத்திரை, நிறுத்திய பிறகும் ஆறு மாதம் பின்தொடர்தல். அப்படி ஒன்று ஆள் எடுத்தால் முதல் வரிசையில் பெயர் கொடுப்பேன்.